கையேட்டின் மௌனம்

சேர்க்கைக் கையேட்டையும் ஒரு பிரதியாக வாசிக்கத்தான் வேண்டும். தாம்பரத்தைச் சுற்றி, சேலையூரிலிருந்து வண்டலூர் வரை, வெளிநாட்டு மாணவர்களுக்கென்று கல்லூரிகள் போடும் கையேடுகளில் புல்வெளி இருக்கிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது, டாலரில் கட்டணம் இருக்கிறது. கேம்ப் ரோடு இல்லை. வீட்டுத் தரகர் இல்லை. "ஆப்பிரிக்கப் பசங்களா? ஓனர் ஒத்துக்க மாட்டாரு சார்" என்று நாமெல்லாம் கேட்டிருக்கும் அந்த வாக்கியம் இல்லவே இல்லை.

நிர்வாகச் சொல்லாடலில் இப்போது 'தக்கவைத்தல்' என்றொரு சொல் புழங்குகிறது. பாதியில் போகிறவரையே பிரச்சினையாக்கும் சொல். மொழி வரலே, சாப்பாடு ஒத்துக்கலே, ஊர் ஞாபகம். சேருமுன் அவரிடம் என்ன சொன்னோம் என்ற கேள்வி அதற்குள் நுழைவதில்லை. 'இந்தியாவில் படி' திட்டம் 2018-இல் தொடங்கியபோது வைத்த இலக்கு, 2023-க்குள் 2 லட்சம் பேர். உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019-20-இல் இருந்தவர்கள் 49,348, 2021-22-இல் 46,878. நடுவில் கொரோனா வந்தது, சரி. இது சேர்ந்திருப்பவர்களின் கணக்கு. பாதியில் போனவர்கள் இதில் தெரிவதில்லை.

சொல்ல வேண்டியவை ரகசியமும் அல்ல. மாணவர் விசாவில் வேலை பார்க்க முடியாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளில் பதிய வேண்டும். வீடு கொடுப்பவர் 24 மணி நேரத்தில் அரசுக்குத் தகவல் தர வேண்டும். மறுப்பதற்கு இது நல்ல சாக்கு. வாழ்க்கைச் செலவையும் தங்குமிடத்தையும் பற்றிச் சேர்க்கைக்கு முன்பே சொல்லியாக வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் விதியே இருக்கிறது. 2009-இல் மெல்போர்னில் நம் மாணவர்கள் தாக்கப்பட்டபோது நாடே கொதித்தது. 2017-இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் அடிபட்டபோது அந்தக் கொதிப்பு எங்கே போயிற்று? கறுப்பை அரசியல் நிறமாகக் கொண்டாடிய நாமும் வாடகைக்கு விடும்போது நிறம் பார்க்கிறோம். சாதி கேட்டுப் பழகிய வாய்தானே.

இதையெல்லாம் அச்சிட்டுவிட்டால் நேர்மை வந்துவிடுமா? 'வீடு கிடைப்பது கடினம்' என்று ஒரு வரி போட்டுவிட்டு, "முன்னாடியே சொல்லித்தானே சேர்த்தோம்" என்று கைகழுவவும் முடியும். அதனால் அந்த வரியோடு விடுதியில் இடம் உறுதி என்ற வரியும் வர வேண்டும். கல்லூரி தெருவில் இறங்கி வீட்டுக்காரர்களோடு பேச வேண்டும். அந்தப் பக்கங்களை இங்கே ஏற்கெனவே படிக்கும் சூடான், தான்சானிய மாணவர்களே எழுதட்டும். நிர்வாகம் அதில் பேனா வைக்கக் கூடாது.