கரிசலில் பிறந்த கப்பல்

ஒட்டப்பிடாரத்தில் நின்றால் கடல் தெரியாது. கண்ணுக்கெட்டிய மட்டும் வெடித்துக் கிடக்கும் கறுப்பு நிலம், பருத்திச் செடி, ஓடைக்கரையில் உடைமரம். மழைக்கு வானம் பார்க்கும் இந்தச் சீமையில் 1872-இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை நீராவிக் கப்பலுக்கு ஆசைப்பட்டாரே, அந்த ஆசையின் எழிலை முதலில் ரசித்துவிடுவோம்.

1906 அக்டோபரில் அவர் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அந்த 25-இல் சற்றே கண்ணை நிறுத்துங்கள். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் கொடுத்து 8,000 பங்குகளை வாங்கினார். ஒரே ஒரு பங்கு வாங்கியவருக்கும் அதே கப்பல்தான் சொந்தம். எவ்வளவு இங்கிதமான கணக்கு!

கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் போன பிள்ளை, கப்பலோடுதான் திரும்புவேன் என்று சொல்லிப் போனார். சொன்னபடியே காலியா என்ற கப்பல் வந்தது. பின்னாலேயே லாவோ. எட்டயபுரத்துப் பாரதி தம்முடைய 'இந்தியா' இதழில் அந்த வரவைக் கொண்டாடினார்.

காலியாவின் உள்ளமைப்பைப் பாருங்கள். முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர். சரக்கோ 4,000 மூட்டை. என்னைக் கேட்டால், அந்த 1,300தான் அவளுடைய பேரழகு. கொழும்புக்குப் பிழைக்கப் போகிறவரும் கடைவைக்கப் போகிறவரும் தலைமூட்டையோடு உட்கார்ந்த தளம் அது. தூத்துக்குடிக் கரையோரக் கடல் ஆழமில்லாதது. அந்நாளில் பெரிய கப்பல் கரையைத் தொட முடியவில்லை. தூரத்தில் அவள் நங்கூரமிட்டு நிற்க, ஆளையும் மூட்டையையும் தோணிகள் அலைமேல் சுமந்துபோய்ச் சேர்த்தன. பரதவர் கைத்துடுப்பும் பிரெஞ்சு நாட்டு நீராவி எந்திரமும் கைகோத்த அந்த இணக்கத்தில் எத்தனை நளினம்!

வெள்ளைக்காரரின் எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி எட்டணா ஆக்கியது. இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்று அவர்கள் இறங்கிவந்தார்கள். அந்தக் குடையைவிடப் பெரிய நற்சான்றிதழ் காலியாவுக்கு வேறென்ன வேண்டும்?

1908 மார்ச்சில் பிள்ளை கைதானார். சிறையில் செக்கிழுத்தார். கப்பல்கள் கைமாறிப் போயின. பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று இட்டு, கரிசலுக்கே திரும்பிக் கோவில்பட்டியில் சில காலம் வழக்காடினார். வெள்ளைக்காரன் கப்பலை எதிர்த்தவர், நல்லது செய்த வெள்ளைக்காரரை வீட்டுக்குள் பெயர் சொல்லி அழைத்தார்.