எழுப்பும் குரல்கள்

சிறுவர் குழுவாக நின்று பாடும் பத்திப் பாடலில் கேட்போர் ஓர் ஆன்மிகப் பொருளை உணர்கின்றனர். அப்பொருள் எங்கே உறைகின்றது? சொல்லிலா, இசையிலா, பாடுவோரின் கள்ளமற்ற பருவத்திலா? பருவத்திலே என்பதே பலர் கூறும் விடை. ஆயின் குழந்தைமை கண்டு நெகிழ்தல் கேட்பவரின் மனநிலையைக் காட்டுமேயன்றிப் பாடலின் பொருளைக் காட்டாது. திருவெம்பாவையைக் கொண்டு இவ்வினாவை ஆராயலாம்.

மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளியனவாக மரபு கூறும் இவ்விருபது பாடல்களும் கூட்டத்தின் குரலில் அமைந்தவை. முதல் எட்டுப் பாடல்களில், வைகறையில் எழுந்த பெண்கள் இன்னும் துயிலும் தோழியரின் வாயிலில் நின்று அழைக்கின்றனர், இடித்துரைக்கின்றனர். சிலவிடத்து உள்ளிருப்பவள் மறுமொழியும் கூறுகின்றாள். இறைவனை முன்னிலைப்படுத்தும் வேண்டுதலும் நீராடலும் அதன் பின்னரே வருகின்றன. இவ்வரிசைமுறை கருதத்தக்கது. அருளை நாடிச் செல்லும் வழி அயல்வீட்டு வாயிலினூடாகவே செல்கின்றது என்பதை நூலின் அமைப்பே உணர்த்துகின்றது.

இதனை விளங்கிக்கொள்ளப் புத்தளம் மாவட்டக் கரையோரத்து உடப்புக் கிராமம் துணைசெய்யும். அங்குக் கரைவலை இழுப்போர் பாடுவது அம்பாப் பாடல். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாட, அத்தாளத்திலே வலை கரையேறுகின்றது. பல கைகளை ஒருகணத்தில் இயங்கச் செய்யும் கருவி அப்பாட்டு. அதன் பொருளைச் சொற்களில் மட்டும் தேடுவோர் பாதியையே காண்பர். மார்கழித் திருவாதிரையை ஒட்டிய நாட்களில் ஈழத்துச் சைவ ஊர்களில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்லும் சிறுவர்க்கும் இது பொருந்தும். அவர்கள் பல சொற்களின் பொருளை அறியார். ஆயினும் பாடல் கூறும் செயலைத் தாமே செய்கின்றனர்: இருளில் எழுகின்றனர், தோழரை அழைத்துக் கூடுகின்றனர், ஊரைத் துயிலெழுப்புகின்றனர்.

கடல்கடந்து தாய்லாந்திலும் இப்பாடல் வாழ்கின்றது. பாங்கொக் அரசவைப் பிராமணர் 'திரியம்பாவை' எனும் சடங்கில் இதனை ஓதுகின்றனர். இதனைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தோருள் தனிநாயகம் அடிகள் (1913–1980) குறிப்பிடத்தக்கவர். அச்சடங்கோடு இணைந்திருந்த பேரூஞ்சல் விழா 1935இல் நின்றது, ஓதல் நிற்கவில்லை. பொருள் மறைந்து, ஒலியும் திரிந்த பின்னரும் ஒரு பாடல் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பது வியப்புக்குரியதே. ஆயினும் அங்கு அது குருமாரின் மந்திரம். வாயிலில் நின்று தோழியை அழைக்கும் பெண்கள் அங்கு இல்லை.

பொருளறியாமை ஈரிடத்தும் உண்டு. வேறுபாடு செயலிலே உள்ளது. மந்திரத்தை ஒருவர் தனித்தும் ஓதலாம். பாவைப் பாட்டுக்கோ அழைப்பவரும் வேண்டும், அழைக்கப்படுபவரும் வேண்டும்.

இன்று நம் ஆலயங்கள் பலவற்றில் வைகறைப் பாடலை ஒலிப்பதிவும் ஒலிபெருக்கியும் வழங்குகின்றன. சுருதி பிழைப்பதில்லை; உச்சரிப்பும் பிழைப்பதில்லை. பாடல் பாதுகாக்கப்படுகின்றது என்றே நாமும் அமைதியடைகின்றோம். ஆனால் ஒலிபெருக்கி எந்தச் சிறுவனையும் தன் தோழனின் வாயிலுக்கு அனுப்புவதில்லை. சுருதி சற்றே விலகிய பத்துச் சிறுவரின் குரலில், ஒருவரையும் விட்டுச் செல்லாத அந்த நடை உயிர்ப்புடன் இருக்கின்றது. திருவெம்பாவையின் ஆன்மிகப் பொருள் அந்நடையே.