ரியா கிராமத்துப் பைன் காய்கள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கிராமத்து ஆலயம் என்றால் கோதிக்தான்: கூர்வளைவு ஜன்னல், ஊசிக் கோபுரம். 1839இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம், புது ஆலயங்களுக்கு வாத்தியார் மாதிரி மார்க் போட்டுக்கொண்டிருந்தது. கட்டடக் கலைஞர் பியூஜினுக்கோ கோதிக்கைத் தவிர வேறெதுவும் கிறிஸ்தவக் கட்டடமே அல்ல.

அந்த நாளில்தான் கார்லைல் நகருக்குத் தெற்கே, ரியா கிராமத்தில், சாரா லாஷ் தன் இஷ்டத்துக்கு ஓர் ஆலயம் எழுப்பினார். கட்டடக்கலை படித்தவரல்ல, டைன் நதிக்கரை சோடா தொழிற்சாலையில் வந்த குடும்பப் பணம் கையில் இருந்தது. பழைய ஆலயம் பாழாகியிருந்தது. செலவு என்னுடையது, கட்டும் விதத்தில் மட்டும் யாரும் தலையிடக் கூடாது என்று நிபந்தனை போட்டார். சுமார் 1,200 பவுன் ஆயிற்று. 1842 டிசம்பரில் பிரதிஷ்டை.

தூரத்தில் பார்த்தால் தானியக் களஞ்சியமோ என்று தோன்றும். கிட்டே போக வேண்டும். அரைவட்ட வளைவுகளைச் சுற்றிக் கல்லில் வண்டு, அந்துப்பூச்சி, கோதுமைக் கதிர், நத்தைச்சுருளாய்ச் சுருண்ட அம்மோனைட் புதைபடிவம். எங்கு திரும்பினாலும் பைன் காய். உள்ளே அரைவட்டமாய் முடியும் கிழக்குப் பகுதி. 1817இல் தங்கை காத்தரினோடு இத்தாலியில் சுற்றியவரின் கண் அதில் தெரிகிறது. மேல் ஜன்னல்களில் அலபாஸ்டர் கல் பலகை. அதில் ஆதிகாலப் பெரணிகளின் வடிவத்தை வெட்டி, வெளிச்சத்தைத் தேன் நிறமாக்கிவிட்டார். கண்ணாடியில் பைபிள் கதை சொல்லும் வழக்கத்தைவிட இது துணிச்சலானது.

செதுக்கியவர் பெரிய சிற்பி அல்ல; உள்ளூர்க் கொத்தனார் குடும்பத்து இளைஞர் வில்லியம் ஹின்ட்சன். உளி சில இடங்களில் தயங்கியிருக்கிறது. அந்தத் தயக்கமும் அழகுதான். தொழிலாளியின் கைச்சுவட்டைக் கலை விமர்சகர் ரஸ்கின் புகழ்ந்து எழுதியதெல்லாம் இதற்குப் பிறகு! ஞானஸ்நானத் தொட்டியில் சாராவே உளி பிடித்தார்.

அங்கங்கே அம்புகளும் உண்டு. 1842இல் காபூலிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படையோடு மடிந்த நண்பர் மேஜர் தெய்னின் நினைவாக அவை என்கிறார்கள். 1869இல் ஓவியர் ரொசெட்டி இங்கே வந்து வியந்து போனார்.

காத்தரின் 1835இலேயே போய்விட்டார். ஆலயத்தின் பக்கத்தில், சீர்செய்யாத பெருங்கற்களால் ஆன மண்டபத்துக்குள் அவருடைய வெள்ளைப் பளிங்குச் சிலை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பைன் காய். 1853இல் சாரா இறந்ததும் தங்கையின் குழியிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.