காதல் தேசமும் ரூட்டு தலையும்

போன வாரம் 'காதல் தேசம்' படத்தை மறுபடி பார்த்தேன். கதிர் இயக்கி 1996 ஆகஸ்டில் வந்த படம். அப்போ நான் ஸ்கூல் பையன். காலேஜ்னா இப்படித்தான் இருக்கும் என்று நம்பி தாம்பரத்தில் இரண்டு தடவை பார்த்தேன். இந்தத் தடவை காதல் பகுதி உறுத்தவில்லை. உறுத்தியது அந்தக் காலேஜ் சண்டைதான்.

படத்தில் மோதுவது பச்சையப்பனும் லயோலாவும். பச்சையப்பன் வினீத் ஏழை, லயோலா அப்பாஸ் பணக்காரர். இருவரும் நண்பர்களாகிறார்கள், பகை பின்னால் போய்விடுகிறது. அதாவது, பகைக்குக் காரணம் ஏழை பணக்கார இடைவெளி; அதற்கு மருந்து நட்பு. இரண்டுமே தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் காரணம். நிஜத்தில் இத்தனை வருஷமாகச் செய்தியில் வருவது பச்சையப்பன், மாநிலக் கல்லூரி மோதல். ஒன்று 1842, இன்னொன்று 1840. இரண்டிலும் படிப்பவர்களில் பெரும்பாலோர் வடசென்னை, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வெட்டுபவனும் வெட்டுப்படுபவனும் ஒரே மாதிரி வீட்டுக்காரன். படம் இதைப் பணக்காரன் ஏழை கதையாக மாற்றியதால் நமக்குச் சுலபமாக ஜீரணமானது.

அடுத்து நட்பு. இங்கே வன்முறைக்கு ஓர் அமைப்பு இருக்கிறது, அதற்குப் பெயர் 'ரூட்டு'. ஒவ்வொரு பஸ் தடத்துக்கும் ரயில் தடத்துக்கும் ஒரு கூட்டம், அதற்கு ஒரு 'ரூட்டு தல'. புதுசாகச் சேரும் பையன் தன் தடத்து சீனியர்களோடு ஒட்டிக்கொள்கிறான். தனியாகப் போனால் அடி விழும் என்ற பயம். கூட்டத்தோடு போனால் பாட்டு, தாளம், பெயர், ஓர் அண்ணன். சீனியர் படிப்பு முடித்துப் போனால் பொறுப்பு அடுத்தவனுக்கு. நண்பனுக்கு விழுந்த அடியைத் திருப்பித் தரவேண்டும் என்பதுதான் இதில் முக்கிய விதி. அப்படியானால் நட்பு இங்கே மருந்து இல்லீங்க, எரிபொருள்.

பஸ் டேவுக்கு உயர் நீதிமன்றம் 2011லேயே தடை போட்டது. 2019 ஜூன் 17 அன்று பஸ் கூரையில் கொண்டாடியவர்கள் கொத்தாகக் கீழே விழுந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் 29இ பஸ்ஸில் பட்டாக்கத்தி வெட்டு. போலீஸ் ரூட்டு தலைகளைக் கண்டுபிடித்து நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் சில நாளில் இறந்துபோனார். கைதானவர்கள் பச்சையப்பன் மாணவர்கள். தலையைத் தூக்கினால் ரூட்டு இன்னொரு தலையை வைத்துக்கொள்கிறது. ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்கிற மாதிரி.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமல்ல. நைஜீரியாவில் 1952இல் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் வோலே சோயின்கா உள்பட ஏழு மாணவர்கள் 'பைரேட்ஸ்' என்ற சகோதரக் குழுவைத் தொடங்கினார்கள். மேட்டிமைத்தனத்தையும் இனக்குழுப் பிரிவினையையும் எதிர்ப்பது நோக்கம். பிறகு உடைந்தும் போட்டியாகவும் பல குழுக்கள் வந்தன. பைரேட்ஸ் 1984இல் வளாகங்களை விட்டே விலகிக்கொண்டது, ஆனால் மற்றவை நிற்கவில்லை. 1999 ஜூலை 10 அன்று இலே-இஃபே பல்கலைக்கழகத்தில் 'பிளாக் ஆக்ஸ்' கும்பல் ஐந்து மாணவர்களைக் கொன்றது. அதில் ஒருவர் மாணவர் சங்கச் செயலாளர். நோக்கம் செத்தபிறகும் சகோதரத்துவம் மட்டும் உயிரோடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சென்னைக் கல்லூரி மாணவர்கள் 1965இல் இந்தி எதிர்ப்புக்காகத் தெருவில் நின்றவர்கள். அன்றைக்கும் கூட்டம் இருந்தது, கூடவே ஒரு காரியமும் இருந்தது. கல்லூரிகளில் மாணவர் தேர்தல் நடத்தச் சொல்லி லிங்டோ குழு 2006இல் பரிந்துரைத்தது. இங்கே பல கல்லூரிகளில் அது நடப்பதில்லை. ஓட்டு வாங்கித் தலைவனாக வழியில்லாத இடத்தில் பஸ்ஸில் தலைவனாகிறான்.

எங்கள் தாம்பரம் பீச் ரயிலிலும் கதவோரம் தாளம் தட்டிப் பாடும் பசங்க உண்டு. நல்லாவே பாடுவார்கள். சத்தம் மாறினால் மட்டும் நாங்கள் எல்லோரும் போனுக்குள் தலையை விட்டுக்கொள்வோம், என்னையும் சேர்த்துத்தான். அந்தப் பசங்களை எனக்குத் தெரியும் என்று இருபத்தெட்டு வருஷமாக நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது வினீத்தும் அப்பாஸும்தான்.