மலிவுக் கேமராவும் நீரின் ஒளியியலும்: நீரடி மனித உருவ ஒளிப்படங்களை மதிப்பிடுவதற்குச் சில அளவுகோல்கள்

ஆய்வுச் சுருக்கம்

விலை குறைந்த படச்சுருள் கேமராக்களைக் கொண்டு நீருக்கடியில் மனித உருவத்தைப் படமெடுக்கும் முயற்சிகள், பெரும்பாலும் ‘எதிர்பாராத அழகு’ என்ற ஒற்றைப் பாராட்டுடன் கடந்து செல்லப்படுகின்றன. இப்பாராட்டு அப்படங்களின் தன்மையை விளக்கப் போதுமானதன்று என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நீரின் ஒளியியல், கருவியின் நிலையான அமைப்பு, மூச்சின் கால எல்லை ஆகிய மூன்றும் சேர்ந்தே இப்படங்களின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. புரூஸ் மோசர்ட், டோனி ஃப்ரிசெல், ஆந்த்ரே கெர்தேஸ், லாரி சுல்தான் ஆகியோரின் படங்களை ஒப்பிட்டு, நீரடி உருவப்படங்களை மதிப்பிட மூன்று அளவுகோல்களை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: நீரடி ஒளிப்படம், படச்சுருள், ஒளிவிலகல், மனித உருவம், மெய்ப்பாடு, மூச்சு.

முன்னுரை

நீருக்கடியில் ஒளிப்படம் எடுத்தல் தொடக்கத்தில் ஆய்வகங்களின் பணியாக இருந்தது. பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூத்தான் 1893ஆம் ஆண்டில் பான்யூல்ஸ் கடற்கரையில் தம் சோதனைகளைத் தொடங்கினார். நீர் புகாத உலோகப் பெட்டி, நீண்ட நேர ஒளியேற்றம், மூழ்குவோருக்கான கனத்த உடை, படகு, உதவியாளர்கள் எனப் பலவும் அதற்குத் தேவைப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் ஜான் த வூத்தர்ஸ் வடிவமைத்த கலிப்சோ கேமராவும், அதன் வழிவந்து 1963இல் வெளியான நிக்கோனோஸும் தனிப் பெட்டியின் தேவையை நீக்கின. எனினும் அவை எளியோர் வாங்கத்தக்க விலையில் இல்லை. 1986இல் ஃபியூஜி நிறுவனம் ஜப்பானில் ஒருமுறைப் பயன்பாட்டுக் கேமராவை அறிமுகப்படுத்தியது. இவ்வகைக் கேமரா பின்னர் நெகிழி உறைக்குள் வைத்து விற்கப்பட்டபோதுதான் நீச்சல் தெரிந்த எவரும் கேமராவுடன் நீருக்குள் இறங்க முடிந்தது.

கருவி எளியோர் கைக்கு வந்ததும் திறனாய்வும் அதனுடன் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இத்தகைய படங்களைப் பற்றிய பேச்சு ‘மங்கல் அழகானது’, ‘பிழையே கலை’ என்ற இரு தொடர்களுக்குள் சுழல்கிறது. எந்த மங்கல் நீரால் விளைந்தது, எது கருவியால் விளைந்தது, எது கவனக்குறைவால் விளைந்தது என்னும் வேறுபாடு கேட்கப்படுவதில்லை. வேறுபாடு காணாத பாராட்டு, நல்ல படத்தையும் அல்லாத படத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

கருவியும் நீரும்

ஒருமுறைப் பயன்பாட்டு நீர்புகாக் கேமராவின் அமைப்பு மிக எளியது. ஃபியூஜியின் குவிக்ஸ்னாப் வகையில் 32 மி.மீ. நெகிழி வில்லை, எஃப்/10 அளவுள்ள மாறாத துளை, ஏறத்தாழ 1/125 நொடி ஷட்டர், 800 ஐஎஸ்ஓ படச்சுருள், 27 படங்கள் ஆகியன உள்ளன. ஃபிளாஷ் இல்லை. குவியத்தை மாற்ற இயலாது; ஏறத்தாழ 1 மீட்டருக்கு அப்பாலுள்ளவை மட்டும் தெளிவாக விழும். எடுப்பவர் தேர்ந்தெடுக்கக்கூடியவை மூன்றே: இடம், தொலைவு, கணம்.

இக்கேமராவை நடுப்பகல் வெயிலில் கரையில் பயன்படுத்தினால் தேவையைவிட நான்கு படிகளுக்கும் மேலாக ஒளி விழும். நெகட்டிவ் படச்சுருள் மிகையொளியை ஓரளவு தாங்கும், குறையொளியைத் தாங்காது. நீர் ஒளியின் ஒரு பகுதியைப் பரப்பிலேயே திருப்பியனுப்பி, எஞ்சியதை ஆழத்திற்கேற்ப உறிஞ்சுகிறது. எனவே கரையில் மிகையாக இருக்கும் ஒளியேற்றம் நீருக்குள் பொருத்தமாக அமைகிறது. வெயில் நேரம், ஆழம் குறைந்த நீர் என்ற இரண்டும் அமைந்தால் இந்த மலிவுக் கருவி தன் இயல்பான இடத்தில் இருக்கிறது எனலாம்.

தொலைவு குறித்த நிலை இன்னும் நுட்பமானது. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. தட்டையான சாளரத்தின் வழியே பார்க்கும்போது நீருக்குள் உள்ள பொருள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். எனவே 32 மி.மீ. வில்லை, நீருக்குள் ஏறத்தாழ 43 மி.மீ. வில்லைபோல நடந்துகொள்கிறது. 1 மீட்டர் எனக் குறிக்கப்பட்ட குறைந்த அளவு உண்மையில் 1.33 மீட்டர் ஆகிறது. 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவரின் முழு உருவமும் படச்சட்டத்தின் நீளவாட்டில் அடங்க ஏறத்தாழ 2 மீட்டர் விலக வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் நீட்டி நீந்தினால் அதனினும் கூடுதலாக விலக வேண்டும். அவ்வாறு விலகும்போது நீரில் மிதக்கும் துகள்கள் இடையில் பெருகி உருவத்தின் விளிம்பு கரைகிறது. ஆக, ஏறத்தாழ 1.3 மீட்டர் முதல் 3 மீட்டர் வரையான குறுகிய வெளியே இக்கேமராவின் அரங்கு. முகமூடிக் கண்ணாடி அணிந்த கண்ணும் வில்லையைப் போலவே ஏமாறுவதால், அளவுநாடா காட்டும் தொலைவைவிடக் கண்ணுக்குத் தோன்றும் தொலைவை நம்புவதே இங்குச் சரியானது.

நீர்ப்பரப்பும் ஒரு பங்கேற்பாளரே. நீருக்குள்ளிருந்து மேல்நோக்கிப் பார்க்கும்போது வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள கூம்புக்குள் சுருங்கித் தெரியும். அக்கூம்புக்கு வெளியே முழு அக எதிரொளிப்பு நிகழ்வதால் பரப்பின் அடிப்புறம் கண்ணாடியாகிறது. பரப்பை ஒட்டி மிதக்கும் உடல் அதனால் இரட்டித்துத் தெரியும். இந்த இரட்டிப்பை எடுப்பவர் உருவாக்குவதில்லை. தாழ்ந்த கோணத்தில் நின்று அதற்கு இடங்கொடுக்கிறார்.

நீரை மறுத்தலும் ஏற்றலும்

மேற்கண்ட ஒளியியலைக் கலைஞர்கள் எதிர்கொண்ட முறைகளை இரண்டாகப் பகுக்கலாம்: நீரை மறுத்தல், நீரை ஏற்றல்.

முதல் வகைக்குப் புரூஸ் மோசர்ட் சிறந்த சான்று. புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸில் 1938 முதல் பணியாற்றிய அவர், தம் கேமராவுக்கான நீர்புகாப் பெட்டியைத் தாமே செய்துகொண்டார். சுற்றுலா விளம்பரத்திற்காக அவர் எடுத்த படங்களில் பெண்கள் நீருக்கடியில் சமைக்கிறார்கள்; தொலைபேசியில் பேசுகிறார்கள். அடுப்பிலிருந்து எழும் ‘புகை’ டப்பாப் பாலால் செய்யப்பட்டது. படங்களின் நகைச்சுவை, நீர் இல்லாததுபோல் நடிப்பதில் இருக்கிறது. ஊற்றுநீரின் தெளிவு ‘இது கரைதான்’ என்ற பொய்க்குத் துணைபோகிறது. உடல் கரையின் சைகைகளையே செய்கிறது. மோசர்ட்டின் கருவி கையால் செய்யப்பட்டது. ஆனால் அவர் நோக்கு முழுக் கட்டுப்பாடு. எளிய கருவி தானாகவே எளிய பார்வையைத் தருவதில்லை என்பதற்கு இது சான்றாகிறது.

அதே மாநிலத்தின் வீக்கி வாச்சி ஊற்றில் டோனி ஃப்ரிசெல் 1947இல் எடுத்த படம் இதற்கு நேர்மாறானது. நீண்ட வெளிர் ஆடை அணிந்த பெண் பரப்பை ஒட்டிக் கிடையாக மிதக்கிறாள். ஆடையும் கைகால்களும் நீரின் போக்கில் தளர்ந்துள்ளன. முகம் பரப்பைத் தொட்டு அப்பால் செல்வதால் நமக்குத் தெரிவதில்லை. ஆடைக்கலை இதழுக்கான படம் எனினும் விற்பனைக்குரிய முகம் அதில் இல்லை. அவள் மூச்சுவிடும் உலகம் வேறு. நாம் காணும் உலகம் வேறு. பார்வையாளரின் கண் அவள் மூச்சை எட்டுவதில்லை என்பதே அப்படத்தின் அமைதிக்கும் அச்சத்திற்கும் காரணம்.

நீரை ஏற்கும் போக்கின் மூலப்படம் இவ்விரண்டுக்கும் முந்தையது. ஆஸ்திரிய–ஹங்கேரியப் படையில் 1915இல் காயமுற்ற ஆந்த்ரே கெர்தேஸ், எஸ்டெர்கோமில் உடல்தேறி வந்தார். அங்கு 1917இல் நீந்தும் ஒருவரை மேலிருந்து படமெடுத்தார். கேமரா நீருக்குள் இறங்கவே இல்லை. நீர்புகாப் பெட்டியும் தேவைப்படவில்லை. சிற்றலைகள் ஒவ்வொன்றும் ஒரு வில்லையாகி உடலை நீட்டியும் வளைத்தும் காட்டின. தோலின்மேல் ஒளிவலை படர்ந்தது. 1933இல் வளைவுக் கண்ணாடிகளைக் கொண்டு அவர் எடுத்த ‘சிதைவுகள்’ வரிசைக்கு இதுவே வித்து. ஆயினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கண்ணாடியின் வளைவை ஸ்டூடியோவில் தேர்ந்தெடுத்து நிறுத்தலாம். அலையை நிறுத்த முடியாது. போர்க்காலத்தில், புண் ஆறிவரும் ஒருவர், முழுமையான உடலொன்று நீரில் உருமாறுவதைக் கண்டார் என்ற பின்னணி அப்படத்திற்குக் கூடுதல் கனம் தருகிறது.

பொதுக்குளத்து உடல்களும் மெய்ப்பாடும்

நீரை ஏற்கும் இப்போக்கு, ஒப்பனையற்ற உடல்களைத் தேடிச் சென்றதை லாரி சுல்தானின் ‘நீந்துவோர்’ வரிசையில் காணலாம். மைக் மேண்டலுடன் இணைந்து 1977இல் ‘சான்று’ நூலை வெளியிட்டவர் அவர்; அரசு நிறுவனங்களின் பழைய படங்களை விளக்கமின்றி அடுக்கிய நூல் அது. அதன்பின் 1978 முதல் 1982 வரை சான் பிரான்சிஸ்கோ வட்டாரப் பொது நீச்சல் குளங்களுக்குள் இறங்கி, நீச்சல் பழகுவோரை வண்ணப் படச்சுருளில் பதிந்தார். நீரால் கனமிழந்த தசை, பற்றிக்கொள்ளும் கைகள், தலை வெளியேயும் உடல் உள்ளேயுமாக நிற்கும் உருவங்கள் என அவை விரிகின்றன. அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல்கள் அல்ல அவை.

இப்படங்களை வாசிக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒரு கருவியாகப் பயன்படும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டும் உள்ளத்து உணர்வு மெய்யில் வெளிப்படும் நிலைகள். மெய்ப்பாட்டை உணரக் காண்போரின் கண்ணும் காணப்படுவோரின் மெய்யும் ஒரே உடல்மொழியைப் பகிர்ந்திருக்க வேண்டும். நீருக்குள் அப்பகிர்வு தடுமாறுகிறது. நீர் உடலின் எடையைப் பெரிதும் தாங்கிவிடுவதால் நிமிர்வும் குனிவும் பொருளிழக்கின்றன. உப்பிய கன்னம் நகையா, மூச்சடக்கமா எனத் தெளிவதில்லை. விரிந்த கை உவகையா, அச்சமா எனச் சொல்ல இயலவில்லை. சுல்தானின் படங்கள் இந்த ஐயத்தைத் தீர்க்க முயலாமல் தக்கவைத்துக்கொள்கின்றன. அவற்றின் வலிமை அங்கேயே உள்ளது. ஃபிளாஷும் குவியமாற்றமும் இல்லாத மலிவுக் கேமராவிலும் இதே ஐயம் விளையும். ஆனால் அது எடுப்பவரின் அறிவோடு விளைந்ததா என்பதே வினா.

‘மலிவு’ என்பதன் பொருள்

மலிவுக் கேமராவின் பெருமை அதன் பிழைகளில் இருப்பதாகக் கூறுவோர் இரு செய்திகளைக் கவனிப்பதில்லை. முதலாவது, அப்பிழைகள் எல்லாம் தற்செயலல்ல. குறுகிய அரங்கையும் ஒளியின் எல்லையையும் அறிந்தவர் அவற்றை முன்கூட்டியே கணிக்கலாம். 1 மீட்டருக்குள் நெருங்கியதால் மங்கிய முகமும், அலை வளைத்த முகமும் ஒன்றல்ல. முன்னது கருவியின் எல்லையை அறியாமை. பின்னது நீரின் செயல்.

இரண்டாவது, படத்தின் இறுதி நிறம் எடுப்பவர் கையில் இல்லை. நீர் முதலில் சிவப்பையே உறிஞ்சுகிறது. சில மீட்டருக்குள் அதன் பெரும்பகுதி மறைகிறது. படச்சுருளின் சிவப்பு அடுக்கு மிகக் குறைந்த ஒளியையே பெறுகிறது. ஆய்வகத்தின் தானியங்கி ஸ்கேனர் நீலமிகுதியைப் பிழையெனக் கொண்டு சிவப்பைக் கூட்டினால், இல்லாத நிறத்தை எழுப்பும் முயற்சியில் குறுமணிகளே எழுகின்றன. ‘படச்சுருளின் இயல்பான அழகு’ எனப் பாராட்டப்படும் சேற்று நிறம் பல வேளைகளில் ஒரு மென்பொருளின் முடிவு. திருத்தமின்றி ஸ்கேன் செய்யக் கேட்பதும் படைப்புச் செயலின் பகுதியே ஆகும்.

‘மலிவு’ என்ற சொல்லும் மறுபார்வைக்குரியது. கருவி மலிவானது, ஆனால் 27 படங்கள் முடிந்ததும் அதைக் கொடுத்துவிட வேண்டும். கழுவுதலும் ஸ்கேனும் தனிச்செலவு. டிஜிட்டல் கேமராவில் நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கும் வசதி இங்கு இல்லை. உடனே பார்த்துத் திருத்தவும் இயலாது. மலிவான கருவி கணத்தை விலையுயர்ந்ததாக்குகிறது. அதன் உண்மையான ஒழுங்கு பிழையில் இல்லை. இந்தச் சிக்கனத்தில் உள்ளது.

மூச்சு என்னும் எல்லை

நீரடி உருவப்படத்தில் எடுக்கப்படுபவர் உடலை மட்டும் தருவதில்லை, மூச்சையும் தருகிறார். ஸ்டூடியோவில் ‘இன்னும் சற்று நில்லுங்கள்’ எனக் கேட்பது தொந்தரவு. நீருக்குள் அது இடர். குழாய் வழியே காற்றுப் பெறும் படக்கலைஞரும் மூச்சடக்கி நிற்கும் உருவமும் சமநிலையில் இல்லை. மலிவுக் கேமராவோடு வெறும் மூச்சில் மூழ்குபவர் நிலை வேறு. அவருடைய மூச்சும் அதே நேரத்தில் தீர்கிறது. இருவரும் ஒன்றாக மேலே வந்தாக வேண்டும். பார்ப்பவரின் அதிகாரம் குறைவது கருவியின் விலையால் அன்று. இந்தப் பொது எல்லையால்.

எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. மங்கலும் தலை தெரியாத சட்டகமும், குறிப்பாகப் பெண்ணுடலைப் பெயரற்ற வடிவமாக்கும் பழைய வழக்கத்திற்குப் புதிய மறைப்பாகவும் ஆகலாம். ஃப்ரிசெல்லின் படத்தில் முகம் இல்லாமை அப்பெண்ணுக்கு வேறோர் உலகத்தை அளிக்கிறது. அதைப் போலச்செய்யும் பல படங்களில் முகம் இல்லாமை அவளிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறது. இரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வின் பணி.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று அளவுகோல்கள் பெறப்படுகின்றன. ஒன்று, படத்தில் நீர் செயல்படுகிறதா, திரைச்சீலையாக மட்டும் தொங்குகிறதா? இரண்டு, மங்கலும் வளைவும் நீரால் விளைந்தனவா, கருவியின் எல்லையை அறியாமையால் விளைந்தனவா? மூன்று, உருவத்திற்கு மூச்சு இருக்கிறதா? அதாவது, அவர் மேலே வரப்போகும் ஓர் உயிர் என்பதைப் படம் உணர்த்துகிறதா? மோசர்ட்டின் படங்கள் முதல் அளவுகோலில் வேண்டுமென்றே விலகுகின்றன. கெர்தேஸின் படம் முதலிரண்டிலும் நிறைவு பெறுகிறது. ஃப்ரிசெல்லும் சுல்தானும் மூன்றாவதை நமக்குக் கற்பிக்கின்றனர். 27 படங்களோடு குளத்தில் இறங்கும் பெயரறியாக் கலைஞரையும் இதே அளவுகோல்களால் மதிப்பிட வேண்டும். மலிவுக் கருவி என்பதற்காகச் சலுகை காட்டுவது அவர் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.