முதல் பாதையின் பறவைகள்

1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'போக்கிமான்' அனிமேஷன் தொடரின் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது. ஆங்கிலத்தில் ஆஷ் என்று அழைக்கப்படும் பத்து வயதுச் சிறுவன் சதோஷி, சொல்பேச்சுக் கேட்காத பிக்காச்சுவோடு ஊரை விட்டுக் கிளம்புகிறான். முதலில் அவன் கண்ணில் படுவது பிட்ஜி, யார் வம்புக்கும் போகாத ஒரு பழுப்புப் பறவை. அதைப் பிடிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. அடுத்து புல்லுக்குள் தெரிந்ததையும் பிட்ஜி என்று நினைத்துக் கல்லை விடுகிறான். அது ஸ்பியரோ. குருவி உருவம், அடியாள் குணம். அது கூட்டத்தையே கூட்டிக்கொண்டு துரத்துகிறது. அடிபட்டு, மழையில் நனைந்து, பிக்காச்சுவின் மின்னலால் தப்பிக்கும் நேரத்தில் வானவில்லுக்கு அப்பால் ஒரு பொன்னிறப் பறவை பறந்து போகிறது. கையில் இருக்கும் போக்கிடெக்ஸ் என்ற மின்னணுக் களஞ்சியத்திடம் கேட்கிறான். அதற்கும் தெரியவில்லை.

அந்தப் பறவை ஹோ-ஓ. அது இடம்பெற்ற 'கோல்டு', 'சில்வர்' ஆட்டங்கள் வெளிவந்தது 1999 நவம்பர் 21 அன்றுதான். அந்தப் பறவையை ஆட்டத்தில் சந்திக்க ரசிகர்கள் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். ஆக, அரை மணி நேரத்துக்கும் குறைவான ஒரு கதைக்குள் இந்த உலகின் பறவைகள் மூன்று அடுக்காக வந்துவிட்டன: எங்கும் இருக்கும் பறவை, தொல்லை தரும் பறவை, தெய்வப் பறவை. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் கொண்டதாக வளர்ந்துவிட்ட இந்தப் படைப்பில் விளம்பரமும் பொம்மை விற்பனையும் மூன்றாவது அடுக்குக்கே போகின்றன. என் கட்சி வேறு. கற்பனை நிலத்தை நம்ப வைப்பது முதல் அடுக்குதான்.

இத்தனைக்கும் இந்த ஆட்டத்தில் பறவை என்று ஒரு வகையே கிடையாது. 1996 பிப்ரவரி 27 அன்று கேம்பாய்க்காக வெளியான முதல் ஆட்டங்களில் ஒவ்வோர் உயிருக்கும் நெருப்பு, நீர், புல், மின்சாரம் என வகை உண்டு. பறவைகளுக்குக் கிடைத்தது 'பறத்தல்'. அதில் வௌவாலும் பட்டாம்பூச்சியும்கூடப் பங்காளிகள். ஆனால் நிரலின் அடியில் 'பறவை' என்றொரு வகை கைவிடப்பட்டு, அழிக்கப்படாமல் கிடந்தது. சின்னபார் தீவின் கிழக்குக் கரையோரம் குறிப்பிட்ட முறையில் நீந்தினால் மிஸ்ஸிங்நோ என்ற பிழை உருவம் எதிர்ப்படும்: சிதறிய கட்டங்களாலான ஒரு தூண். அதன் வகைக் குறிப்பில் 'பறவை' என்று இருக்கும். உண்மையான பறவை ஒன்றுக்கும் கொடுக்காத பட்டம் ஒரு கோளாறுக்குப் போய்ச் சேர்ந்தது. பறத்தலை மட்டுமே தன் வகையாகக் கொண்ட பறவை வர 2019 வரை ஆனது.

வகை போனால் என்ன, பறவை இல்லாமல் ஓர் ஆட்டமும் தொடங்குவதில்லை. கற்பனை நிலம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று: கான்டோவில் பிட்ஜி, ஜோட்டோவில் ஆந்தை ஹூட்ஹூட், ஹோயனில் தகைவிலானை ஒத்த டெய்லோ, சின்னோவில் ஸ்டார்லி, யுனோவாவில் பிடோவ், காலோஸில் ஃப்ளெட்ச்லிங், அலோலாவில் பிக்கிபெக், கலாரில் ரூக்கிடி. பயணத்தின் தொடக்கப் பாதைகளிலேயே புல்லில் இருக்கும். பலமில்லை, அரிதில்லை, அழகுக்காக யாரும் வைத்துக்கொள்வதும் இல்லை. நம் இலக்கண மரபு ஒவ்வொரு திணைக்கும் ஒரு புள்ளைக் கருப்பொருளாக வைத்ததே, ஏறக்குறைய அந்த வேலையைத்தான் இவை செய்கின்றன. நியூயார்க்கை மனத்தில் வைத்து அமைத்த யுனோவாவுக்குப் புறா என்பது தற்செயல் அல்ல. ஹொக்கைடோவை ஒத்த சின்னோவின் ஸ்டார்லி இன்னும் நல்ல உதாரணம். தனியாக இருந்தால் வலுவில்லை என்பதால் கூட்டம் சேரும், கூட்டம் பெருத்தால் தங்களுக்குள் சண்டை பிடிக்கும் என்கிறது அதன் குறிப்பு. ஜப்பானிய நகரங்களின் ரயில் நிலையங்களுக்கு முன்னுள்ள மரங்களில் மாலை நேரத்தில் ஆயிரக்கணக்கில் வந்தடையும் சாம்பல் மைனாக்களைப் பார்த்தவர் எழுதிய வரி அது என்று நினைக்கிறேன்.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று தேடினால் போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரியிடம் போய் நிற்போம். 1965-ல் பிறந்து, டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் பூச்சி பிடிப்பதில் பைத்தியம். வயல்களும் குளங்களும் கட்டடங்களுக்குக் கீழே மறைந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை. 'கேம் ஃப்ரீக்' முதலில் ஆட்டங்களைப் பற்றி அவர் நடத்திய சிற்றிதழ், பிறகுதான் ஆட்டங்களை உருவாக்கும் நிறுவனம். அந்த இதழுக்குப் படம் வரைந்த கென் சுகிமோரிதான் பின்னால் போக்கிமான்களின் தோற்றத்தைத் தீர்மானித்தவர். போக்கிடெக்ஸின் குறிப்புகள் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் போகாது, ஆனால் அவற்றில் ஒரு பூச்சி சேகரிப்பாளனின் கண் இருக்கிறது. பிட்ஜி தரையோடு சிறகடித்து மணலைக் கிளப்பி எதிரியின் கண்ணை மறைக்கும். அதன் இறுதி வடிவமான பிட்ஜியட் நீர்ப்பரப்பை உரசியபடி பறந்து ஏமாந்த மீனைக் கவ்வும். ஸ்பியரோவுக்குச் சிறகு குட்டை, வேகமாக அடித்தால்தான் மேலே நிற்க முடியும். இரும்புப் பறவையான ஸ்கார்மரி முள் புதரில் கூடு கட்டுவதால் குஞ்சுகளின் சிறகு முள் கீறிக் கீறி உறுதிப்படுகிறது. இவற்றில் ஒன்றிலும் மந்திரம் இல்லை. வாழிடமும் நடத்தையும் மட்டும்தான்.

கேம்பிரிட்ஜின் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் சகாக்களும் 2002-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட குறுங்கட்டுரை பலமுறை மேற்கோள் காட்டப்பட்டது. பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான்களில் பத்துக்கு எட்டை அடையாளம் சொன்னார்கள். உள்ளூர்ச் செடி, விலங்குகளில் பாதியைத்தான் சொன்னார்கள். இதைப் பிள்ளைகளின் குறையாகப் படித்தவர்கள் அதிகம். கட்டுரை குத்தியது இயற்கைப் பாதுகாவலர்களைத்தான்: பிள்ளைகளுக்கு உயிர்களின் பெயரைக் கற்றுக்கொள்ளும் திறன் குறைவில்லாமல் இருக்கிறது, அதை ஒரு விளையாட்டு நிறுவனம் பயன்படுத்திக்கொண்டது, நீங்கள் பயன்படுத்தவில்லை.

எளிய பறவைகளுக்கு ஆட்டக்காரர்கள் கொடுத்த மரியாதை விசித்திரமானது. 2016-ல் 'போக்கிமான் கோ' வந்தபோது பிட்ஜியை வளர்த்தெடுக்க வெறும் 12 மிட்டாய் போதும் என்பதால், உலகம் முழுக்க மக்கள் தெருத்தெருவாக அலைந்து பிட்ஜிகளை மூட்டையாகச் சேர்த்து, ஒரே மூச்சில் வளர்த்து, அனுபவப் புள்ளிகளை அள்ளினார்கள். பறவை அங்கே சில்லறைக் காசு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2014 பிப்ரவரியில், பல்லாயிரம் பேர் இணையத்தில் ஒரே நேரத்தில் கட்டளை தட்டி ஒரே ஆட்டத்தை ஆடிய கூத்தில், ஒரு பிட்ஜியட் தொடர்ந்து அணியைக் காப்பாற்றி, பக்தியும் பரிகாசமுமாக மீட்பர் பட்டமே பெற்றது. அனிமேயிலும் அப்படித்தான்: சதோஷி தன் பிட்ஜியட்டைக் காட்டுப் பறவைகளுக்குக் காவலாக விட்டு, திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனான். அந்த வாக்கு நிறைவேறியது 2023-ல் அவன் பயணம் முடியும் கட்டத்தில்தான். நடுவில் இருபது ஆண்டுகளுக்கும் மேல். கதாசிரியர்கள் மறந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஃபார்ஃபெட்ச்ட் வேறு ரகம். கையில் வெங்காயத்தாளோடு திரியும் வாத்து. குழம்புக்கு வேண்டிய தாளைத் தானே தூக்கிக்கொண்டு வாத்து வந்து நிற்கிறது என்று, தேடாமல் வாய்க்கும் அதிர்ஷ்டத்தைக் குறிக்க ஜப்பானியர்கள் சொல்வதுண்டு. அந்தச் சொலவடைக்குத்தான் இங்கே உருவம் கொடுத்திருக்கிறார்கள். நகைச்சுவைக்காகப் பிறந்ததை நகைச்சுவையோடு விட்டுவிடவில்லை. அரிதாகவே காணப்படுகிறது, எண்ணிக்கை குறைந்துவருவதாகத் தெரிகிறது என்று முதல் தலைமுறைக் குறிப்புகளிலேயே வந்துவிட்டது. சிவப்பு, நீல ஆட்டங்களில் அதைக் காட்டில் பிடிக்கவே முடியாது. ஒரு ஊரில் ஸ்பியரோவைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். 23 ஆண்டுகள் அதற்கு அடுத்த வடிவமும் இல்லை. 2019-ல் கலார் நிலத்து வாத்துக்கு மட்டும் வழி திறந்தது: ஒரே சண்டையில் மூன்று முறை உக்கிரத் தாக்குதல் கொடுத்தால் அது சர்ஃபெட்ச்ட் ஆகும். வெங்காயத்தாள் ஈட்டியாகவும் இலை கேடயமாகவும் ஆகிவிட்ட வெள்ளை வீரன். அந்தத் தாள் வாடினால் போர்க்களத்திலிருந்து ஓய்வு பெற்றுவிடுமாம். சமையல் பொருளாக இருந்த வாத்துக்குக் கௌரவமான ஓய்வு வரை எழுதியிருக்கிறார்கள். இந்தப் படைப்பின் மிக நல்ல எழுத்துகளில் ஒன்று இது.

எல்லாமே இப்படி அமையவில்லை. தொப்பி வைத்த காக்கையான ஹாஞ்ச்குரோ, மர்க்ரோக்களை ஏவி, தோற்றவர்களை மன்னிக்காத தாதாவாகத் திரிகிறது. சிரிப்பு வருகிறது, காக்கை தெரிவதில்லை. அமெரிக்கக் கழுகான பிரேவியரியும் கொடிக்கம்பத்திலிருந்து இறங்கி வந்ததுபோலத்தான். ஆர்ட்டிகுனோ, சாப்டோஸ், மோல்ட்ரெஸ் என்ற பனி, மின்னல், நெருப்புப் பறவைகள் மூன்றும் 1999 திரைப்படத்தில் வானத்தையே கலக்கின. ஆனால் அவை என்ன தின்னும், எங்கே கூடு கட்டும் என்று கேட்டால் பதில் இல்லை. போட்டிக் களத்தில் கதை வேறு: 2013-ல் வந்த டாலன்ஃப்ளேம், பறக்கும் தாக்குதல்களை எப்போதும் முந்திக்கொண்டு செய்யும் தன் திறனால் ஆதிக்கம் செலுத்தியது. 2016-ல் உடல்நலம் முழுதாக இருந்தால்தான் அது செல்லும் என்று சிறகை வெட்டினார்கள்.

2016-ல் வந்த அலோலா நிலம் தனியாகப் பேச வேண்டியது. அது ஹவாய். உண்மையான ஹவாயில் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்துசேர்ந்த ஒரு சிறு தானியப் பறவையிலிருந்து 50-க்கும் மேற்பட்ட தேன்பறவை இனங்கள் கிளைத்தன. பூவுக்கு வளைந்த அலகு, விதைக்குத் தடித்த அலகு, பட்டைப் புழுவுக்குக் கொக்கி அலகு. அலோலாவின் ஓரிகோரியோ இதை ஒரு மிடறில் சுருக்குகிறது: நான்கு தீவு, நான்கு தேன். சிவப்புத் தேனைக் குடித்தால் நெருப்பு, மஞ்சளில் மின்சாரம், இளஞ்சிவப்பில் மனோசக்தி, ஊதாவில் ஆவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடனம். ஊதா நிறப் பறவை ஜப்பானிய நடனம்போல விசிறி விரித்து ஆடி இறந்தோரை அழைக்கிறது. ஹவாய்க்குப் பெருந்தொகையாகக் குடியேறிய ஜப்பானியர்களை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது. அங்கே தொடக்கத்தில் கிடைக்கும் ஆந்தைக்குஞ்சு ராவ்லெட் புல்லும் பறத்தலும் கொண்டது. வளர்ந்து டெசிடுஐ ஆனதும் பறத்தல் போய் ஆவி வகை வந்துவிடுகிறது. ஹவாயில் ஒருகாலத்தில் நெடுங்கால் ஆந்தைகள் இருந்தன. இன்று எலும்புகளே மிச்சம். அந்த ஆந்தைதான் இது என்பது ரசிகர்களின் வாசிப்பு, எனக்கும் ஏற்புடையது. 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த கொசுக்கள் பரப்பிய பறவை மலேரியா ஹவாய்க் காடுகளை வெறுமையாக்கியது. 2023 அக்டோபரில் அமெரிக்க அரசு ஹவாயின் 8 காட்டுப் பறவையினங்கள் அற்றுப்போய்விட்டன என்று அறிவித்தது. பறவைக்கு ஆவி வகை கொடுத்தது அந்த மண்ணில் வேடிக்கையாகத் தெரியவில்லை.

இறுதியாக, 2019-ன் கலாரும் 2022-ன் பால்டியாவும். கலார் பிரிட்டன், அதன் முதல் பாதைப் பறவை ரூக்கிடி, மேலே சொன்ன பறத்தல் மட்டுமே கொண்ட முதல் பறவை. அது வளர்ந்து கார்விநைட் ஆகும்போது எஃகு வகையும் சேர்ந்து, கவசம் பூண்ட அண்டங்காக்கை ஆகிவிடுகிறது. லண்டன் கோபுரத்தில் ஆறு அண்டங்காக்கைகளாவது இல்லாவிட்டால் ராஜ்ஜியம் விழும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் ஆட்டத்தில் அதற்குக் கோட்டைக் காவல் கொடுக்கவில்லை. டாக்சி ஓட்ட விட்டார்கள். புத்தியும் பலமும் உள்ள பறவை, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பறக்கிறது. ஐபீரியத் தீபகற்பத்தை ஒத்த பால்டியாவில் அந்த டாக்சி இல்லை. அங்கே டின்கட்டான் என்ற சிற்றுருவம் ராட்சதச் சுத்தியலோடு திரிகிறது. கல்லை மேலே அடித்து, பறந்துபோகும் கார்விநைட்டைக் குறிபார்ப்பது அதன் பொழுதுபோக்கு. அதனால் பால்டியாவில் பயணிகளைத் தூக்கிச் செல்வது ஸ்க்வாக்கபில்லி என்ற நகரக் கிளிகளின் கூட்டம். நிற வாரியாக அணி பிரிந்து இடத்துக்குச் சண்டை போடுபவை அவை. கூண்டிலிருந்து தப்பிய தென் அமெரிக்கக் கிளிகள் பார்சிலோனாவின் பனைமரங்களில் குடியேறி, இன்று ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டன. அவற்றின் சாயலை இவற்றில் எளிதில் பார்க்கலாம். பக்கத்து நிலத்து டாக்சி ஏன் இங்கே இல்லை என்று ஆட்டக்காரர்கள் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. இருந்தும் வேட்டையாடும் உயிர், அதற்குப் பயந்த பறவை, அந்த வெற்றிடத்தைப் பிடித்த இன்னொரு பறவை என்று ஒழுங்காகக் காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள்.