பாயிண்ட் பார்த்தால் போதுமா?

உத்திரமேரூர்ப் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுமுன் தண்ணீர் கிடைக்கும் இடத்தைத் தேடிப் பாயிண்ட் பார்ப்பது வழக்கம். வேப்பங்குச்சியும் தேங்காயும் கொண்டு பார்ப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. மின்தடை ஆய்வுக்கு உண்டு. அதனால்தான் அதன் நிறைகுறைகளைக் கறாராக எடைபோட வேண்டும்.

நான்கு கம்பிகளை ஒரே கோட்டில் மண்ணில் அடிக்கிறார்கள். வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட, மின்சாரம் இன்னும் ஆழமாக இறங்குகிறது. இங்கே அடியில் கிடப்பவை சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள். நீர் ஊறிய சிதைந்த பாறை மின்சாரத்தைக் கடத்தும். வெடிப்பில்லாத பாறை தடுக்கும். எனவே சிதைந்த அடுக்கு எத்தனை அடி, கெட்டிப்பாறை எங்கே தொடங்குகிறது என்பதைத் துளை போடாமலே கணிக்கலாம். கிணறு வெட்டுபவருக்கு இது பெரிய உதவி.

சிக்கல் அதற்குக் கீழே. இந்த முறை பூமியைக் கிடையான அடுக்குகளாகக் கருதுகிறது. ஆழத்துத் தண்ணீரோ சாய்ந்தும் நிமிர்ந்தும் ஓடும் வெடிப்புகளில் இருக்கிறது. 300 அடியில் உள்ள மெல்லிய வெடிப்பு அளவீட்டில் தெரியாமலே போகலாம். களிமண்ணும் உப்புநீரும்கூட நல்ல தண்ணீர்போலக் குறைந்த தடையே காட்டும்.

தண்ணீர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு இறைப்புச் சோதனை வேண்டும். ஒரு போரில் சீராக இறைத்து, சுற்றியுள்ள போர்களில் நீர்மட்டம் இறங்குவதையும், நிறுத்தியபின் ஏறுவதையும் குறிக்க வேண்டும். பக்கத்துப் போர் அசையாமல் இருக்க, தள்ளியுள்ள போரில் மட்டம் இறங்கினால், வெடிப்பு போகும் திசைக்கு அது வலுவான தடயம். ஆனால் இந்தச் சோதனைக்கு நீரியலாளர் தைஸ் 1935இல் தந்த சூத்திரம் சீரான நீர்த்தாங்கிக்கானது. அதை இந்தப் பாறையில் அப்படியே பொருத்தினால் தவறான எண்ணே கிடைக்கும். சோதனை முடியும்வரை அக்கம்பக்கத்து மோட்டார்களும் ஓடக்கூடாது. இந்தச் சிரமத்துக்கு அஞ்சி, துளை போட்ட அன்று கம்ப்ரசர் வெளியே தள்ளிய ‘ஒன்றரை இஞ்சு தண்ணி’யை நம்பி மோட்டார் இறக்குகிறோம். அது அந்த நேரத்து வரத்து மட்டுமே. கோடையில் கிடைக்கப்போவதன் அளவு அல்ல.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. வட்டாரப் போக்கை அறிய அது அவசியம். ஆனால் வெடிப்புப் பாறையில் ஒரு கிணறு அடுத்த ஊருக்காகப் பேசாது. எத்தனையாவது அடியில் வெடிப்பு கிடைத்தது, எத்தனை இஞ்சு வந்தது என்பது துளை போடும் வண்டிக்காரருக்குத் தெரியும். வண்டி கிளம்பியதும் அந்தத் தகவலும் போய்விடுகிறது.

பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரிக்கென வாரியம் அமைத்ததைக் கல்வெட்டில் பொறித்த ஊர் உத்திரமேரூர். நிலத்தடி நீருக்கும் அத்தகைய பொதுப்பொறுப்பு வேண்டும். ஒவ்வொரு போரின் விவரமும் ஊராட்சிப் பதிவேட்டில் ஏற வேண்டும். மே மாதமும் ஜனவரியும் ஊர்க்காரர்களே நீர்மட்டம் அளக்க வேண்டும். மின்தடை ஆய்வு இடத்தைக் காட்டட்டும்; எவ்வளவு இறைக்கலாம் என்பதை இந்தப் பதிவுகளைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.